மேற்கே போ, தம்பி: 160 இலவச ஏக்கரின் செலவுக் கணக்கு

"மேற்கே போ, இளைஞனே" என்று அமெரிக்கப் பத்திரிகையாளர் ஹொரேஸ் கிரீலி சொன்னதை நம்பி, 1875-இல் நியூயார்க்கில் வேலையில்லாமல் நின்ற 22 வயதுப் பையன் கிளம்பியிருந்தால் பிழைத்திருப்பானா, 160 ஏக்கர் இலவசம் என்றால் ஏன் ஊரே காலியாகவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி ஒரு வாக்கியத்தைப் பற்றியது போலத் தெரிந்தாலும், உண்மையில் நீங்கள் கேட்பது மூன்று விஷயம்: கையில் எவ்வளவு இருந்தது, எந்த இடத்துக்குப் போனான், எந்த வருடம் போனான். தைரியம், உழைப்பு எல்லாம் இந்த மூன்றுக்கும் அப்புறம்தான். சுருக்கமாகச் சொன்னால், இல்லினாயில் குத்தகை விவசாயம் செய்தவரின் இரண்டாவது மகனுக்கு அது நல்ல யோசனை. நியூயார்க் கடைக் குமாஸ்தாவுக்கு அது பெரும்பாலும் கடனில் போய் முடிந்திருக்கும். அந்தச் செலவுப் பட்டியலிலேயே மலிவான உருப்படி நிலம்தான். மற்ற எதுவும் இலவசம் இல்லை.

முதலில் அந்த வாக்கியத்தை முடித்துவிடுவோம். 1851-இல் இண்டியானாவின் டெர்ரே ஹோட் ஊர்ப் பத்திரிகையில் ஜான் சோல் என்பவர்தான் அதை முதலில் எழுதினார் என்று மேற்கோள் தொகுப்புகள் வெகுகாலம் சொல்லிவந்தன. தேடிப் பார்த்தவர்களுக்கு அந்தக் கட்டுரை கிடைக்கவில்லை. கிரீலி அதே சொற்களில் சொன்னாரா என்பதும் சந்தேகம்தான். சந்தேகமில்லாதது, 1841-இல் அவர் தொடங்கிய நியூயார்க் டிரிபியூன் பத்திரிகை வழியாக ஆண்டுக்கணக்கில் அந்தக் கருத்தைப் பரப்பினார் என்பதும், ஏழைக்கு அரசு நிலம் வேண்டும் என்று வாதாடினார் என்பதும். 1859-இல் அவரே தரைவழியாக சான் பிரான்சிஸ்கோ வரை போய்ப் பார்த்தவர். 1872-இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் தோற்று, அதே மாதமே இறந்துபோனார். ஆக, 1875-இல் உங்கள் பையன் நம்பியது ஆளில்லாத அறிவுரையை.

சட்டத்துக்கு வருவோம், இங்கே எல்லாம் உறுதியாகச் சொல்லலாம். குடியேறுபவருக்கு அரசு நிலத்தில் 160 ஏக்கரை இலவசமாகக் கொடுத்த ஹோம்ஸ்டெட் சட்டத்தில் லிங்கன் கையெழுத்திட்டது 1862 மே 20, அமலுக்கு வந்தது 1863 ஜனவரி 1. வயது 21 நிறைந்திருக்க வேண்டும் அல்லது குடும்பத் தலைவராக இருக்க வேண்டும். அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குடிமகன் ஆகப்போகிறேன் என்று முறையாக எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அமெரிக்க அரசுக்கு எதிராக ஆயுதம் எடுத்திருக்கக் கூடாது. மணமாகாத பெண்ணும் விதவையும் தங்கள் பெயரிலேயே கேட்கலாம். கணவனோடு வாழும் பெண் கேட்க முடியாது. நிலம் முன்பே சதுரம் சதுரமாக அளக்கப்பட்டிருந்தது: ஆறு மைலுக்கு ஆறு மைல் ஒரு வட்டாரம், அதற்குள் 640 ஏக்கர் கொண்ட 36 துண்டுகள், ஒரு துண்டில் கால் பங்கு 160 ஏக்கர். அதாவது அரை மைலுக்கு அரை மைல். நேரில் போய் மூலைக் குறிகளைத் தேடிப் பிடித்து, துண்டின் எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்த வட்டாரத்து நில அலுவலகத்தில் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். வேறு யாரும் அதை எழுதி வைக்கவில்லை என்றால் மனுப் போட்டுக் கட்டணம் கட்டலாம். முதலிலும் கடைசியிலுமாகக் கட்டணம் மொத்தம் 18 டாலர்.

பிறகு ஆறு மாதத்துக்குள் அங்கே குடியேற வேண்டும். ஐந்து வருடம் வசித்து, வீடு கட்டி, பயிர் செய்து, இரண்டு சாட்சிகளோடு போய் நிரூபித்தால் பட்டா. அதை ஏழு வருடத்துக்குள் முடித்தாக வேண்டும். இடையில் ஆறு மாதத்துக்கு மேல் ஆளைக் காணோம் என்று அக்கம்பக்கத்தார் யாராவது எழுதிப் போட்டு நிரூபித்தால் நிலம் பறிபோகும். பொறுமை இல்லாதவர்கள் ஆறு மாதம் வசித்துவிட்டு, ஏக்கருக்கு 1.25 டாலர் வீதம் 200 டாலர் கட்டி உடனே பட்டா வாங்கிக்கொள்ளவும் வழி இருந்தது. வீடு 12-க்கு 14 இருக்க வேண்டும் என்று சட்டம் சொன்னதில் அடியா அங்குலமா என்று இல்லாததால் பொம்மை வீடு வைத்து ஏமாற்றினார்கள் என்றொரு கதை உலவுகிறது. 1862-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாசகத்தில் வீட்டின் அளவே கிடையாது. ஏமாற்று நடந்தது உண்மை, ஆனால் இந்தக் கதையைச் சற்றுத் தள்ளியே வைத்துக் கேட்கலாம்.

உங்கள் பையனுக்கு இங்கேயே ஒரு முட்டுக்கட்டை. ரயில் கம்பெனிகளுக்கு அரசு ஒன்றுவிட்ட துண்டுகளை வாரிக் கொடுத்திருந்தது. தண்டவாளத்தின் இரு பக்கமும் அந்தப் பட்டைக்குள், மீதித் துண்டுகளில் சாதாரண ஆளுக்கு 1879 வரை 80 ஏக்கர்தான், 160 அல்ல. உள்நாட்டுப் போரில் வடக்குப் பக்கம் போரிட்ட சிப்பாய்களுக்கு மட்டும் விலக்கு. அவர்கள் படையில் இருந்த காலமும் ஐந்து வருடத்தில் கழிக்கப்பட்டது. 1875-இல் 22 வயது என்றால் போர் முடிந்தபோது இவனுக்கு 12. ஆகவே ரயிலுக்குப் பக்கத்தில் 80, அல்லது ரயிலைவிட்டு வெகுதூரம் தள்ளி 160. தானியத்தை வண்டியில் ஏற்றி நாள்கணக்கில் ஓட்டிப்போய் விற்கும் இடத்தில் இருக்கும் 160 ஏக்கர், நிலையத்துக்கு ஐந்து மைலில் இருக்கும் 80 ஏக்கரைவிட மோசம். பலர் கணக்குப் போட்டுப் பார்த்து, ரயில் கம்பெனியிடமே தவணைக்கு நிலம் வாங்கினார்கள். அது முட்டாள்தனம் இல்லை.

இனி உழவு. இதை ஏக்கர் கணக்கில் பார்க்காமல் அடிக்கணக்கில் பார்த்தால்தான் விளங்கும். புல்வெளி மண்ணின் மேல்பரப்பு முழுவதும் தலைமுறை தலைமுறையாகப் பின்னிய வேர். சாதாரண ஏர் அதில் இறங்காது. அகலமான எஃகுக் கொழு வைத்த தனி ஏர் வேண்டும், அதை இழுக்க இரண்டு அல்லது மூன்று ஜோடி காளை வேண்டும். சால் 12 அங்குல அகலம் என்று வையுங்கள். ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. அதை முடிக்க ஏருக்குப் பின்னால் 43,560 அடி, அதாவது எட்டேகால் மைல் நடக்க வேண்டும். திரும்பும் தூரம் தனி. ஒரு நாளைக்கு ஓர் ஏக்கர், சாமர்த்தியம் இருந்தால் ஒன்றரை. ஆழம் இரண்டு மூன்று அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. மேல்தோலை மட்டும் சீவிப் புரட்டிப்போட வேண்டும். காலமும் முக்கியம்: மே மாதம் தொடங்கி ஜூன் நடுவரை. புல் செழித்து வளரும்போது புரட்டினால்தான் வேர் செத்து மக்கும். ஜூலையில் புரட்டினால் காய்ந்து செங்கல்லாகிக் கிடக்கும், அடுத்த வருடமும் மக்காது. சரியான காலத்தில் புரட்டியதை இலையுதிர்காலத்தில் இன்னும் கொஞ்சம் ஆழமாக மறு உழவு செய்து, அடுத்த வசந்தத்தில்தான் கோதுமை. முதல் வருடம், புரட்டிய மண்ணைக் கோடாலியால் கீறி மக்காச்சோளம் ஊன்றுவார்கள். அதில் கிடைப்பது மாட்டுக்கும் மனிதனுக்கும் பாதி வயிற்றுக்கு. ஆக, ஏப்ரலில் வந்தவனுக்கு முதல் வருட உழவு பத்து, இருபது ஏக்கர், விற்பதற்கு ஒன்றுமில்லை. செப்டம்பரில் வந்தவனுக்கு அதுவும் இல்லை, குளிர்காலம் மட்டும்.

வீடு பற்றி ஊரார் சொல்வது சரிதான், அது மலிவு. மரமே இல்லாத சமவெளியில் அதே ஏரால் புல்மண்ணை நீள நீளமாக அறுத்து, மூன்றடித் துண்டாக வெட்டி, புல் கீழ்ப்பக்கம் வரும்படி செங்கல் போல அடுக்குவார்கள். சுவர் இரண்டடிக்கு மேல் கனம். பதினாறுக்கு இருபது அடி வீட்டுக்கு அரை ஏக்கர் புல்மண் தேவைப்படும். அன்றைக்கு அடுக்கக்கூடிய அளவுதான் அன்றைக்கு அறுக்க வேண்டும், காயவிட்டால் உதிர்ந்துவிடும். ஜன்னல், கதவுப் பலகை, ஆணி, புகைக்குழாய் மட்டும் காசு கொடுத்து வாங்குவது. குளிருக்கு அடக்கமாக இருக்கும், காற்றுக்கு அசையாது. கூரைதான் பலவீனம். கிளைகளைப் பரப்பி மேலே மண் போட்ட கூரை, வெளியே மழை விட்ட பிறகும் உள்ளே விடாது. சேற்று நீர் சொட்டாமலிருக்க உட்கூரையில் துணி கட்டுவார்கள். அடுப்புக்கு விறகு கிடையாது. ஆரம்பத்தில் காட்டெருமைச் சாணம், பிறகு மாட்டுச் சாணம், முறுக்கிய வைக்கோல், சோளக் கட்டை. கிணறு இன்னொரு சூதாட்டம்: ஆற்றுப் பள்ளத்தாக்கில் கொஞ்ச ஆழத்திலேயே தண்ணீர், மேட்டுச் சமவெளியில் 200 அடி தோண்டினாலும் உறுதியில்லை. கிணறு தோண்டும்போது மண் சரிந்து செத்தவர்கள் உண்டு.

பணத்துக்கு வருகிறேன். அன்றைய விலைகள் இடத்துக்கு இடம் மாறின, ஆகவே இதைத் தோராயமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். காளை ஜோடி நூறு டாலரை ஒட்டி வரும், வண்டியும் அதற்குச் சற்றுக் குறைவாக. ஏர், பரம்பு, அரிவாள், அடுப்பு, பசு மாடு, விதை, கிணற்று வேலை, முதல் விளைச்சல் விற்கும்வரை ஒன்றரை வருடச் சாப்பாடு. எல்லாம் சேர்த்து 500-இலிருந்து 1,000 டாலர் என்பதே வரலாற்றாசிரியர்கள் பலர் வந்து சேரும் கணக்கு. பண்ணை ஆளுக்குச் சாப்பாடு போட்டு மாதம் 15-இலிருந்து 20 டாலர் கூலி கிடைத்த காலம். அப்படியானால் 500 டாலர் என்பது செலவே செய்யாதவனின் இரண்டரை வருடச் சம்பளம். கடன் வாங்கலாமே என்றால், பட்டா வராத நிலத்தை அடமானம் வைக்க முடியாது. மாட்டையும் ஏரையும் அடமானம் வைத்தால் வட்டி கொடுமை. 200 டாலர் கட்டி முன்கூட்டியே பட்டா வாங்கியவர்களில் பலர் அதை வாங்கியதே அடமானம் வைக்கத்தான். நகரத்துத் தொழிலாளி கூட்டமாகப் போகாததற்கு இதுதான் காரணம். போனவர்களில் பெரும்பகுதி பக்கத்து மாநிலத்து விவசாயக் குடும்பங்கள். இல்லினாயிலிருந்து அயோவாவுக்கு, அயோவாவிலிருந்து நெப்ராஸ்காவுக்கு. அவர்களிடம் மாடும் வண்டியும் முன்பே இருந்தன, ஏர் பிடிக்கவும் தெரியும்.

இடம் என்றால் ஒரு கோட்டை நினைவில் வையுங்கள்: 100-ஆவது தீர்க்கரேகை. நெப்ராஸ்கா, கன்சாஸ், டகோட்டா வழியாக மேலிருந்து கீழாக ஓடுகிறது. அதற்குக் கிழக்கே மானாவாரியில் கோதுமை, சோளம் வரும். மேற்கே வருட மழை 20 அங்குலத்துக்குக் கீழே போகிறது. கோடு துல்லியமான வேலி இல்லை, நல்ல மழை வருடங்களில் மேற்கே நகரும், வறட்சியில் கிழக்கே நகரும். அதுதான் ஆட்களை ஏமாற்றியது. கொலராடோ ஆற்றில் படகில் போன ஜான் வெஸ்லி பவல் 1878-இல் அரசுக்கு அறிக்கை கொடுத்தார்: அந்த வறண்ட பகுதியில் மேய்ச்சல் பண்ணைக்கு 2,560 ஏக்கர் வேண்டும், பாசனம் உள்ள இடத்தில் 80 போதும், 160 என்ற அளவு இரண்டுக்கும் பொருந்தாது. யாரும் கேட்கவில்லை. மாறாக, "மழை ஏரைத் தொடரும்", உழ உழ வானம் பொழியும் என்று 1881-இல் சார்லஸ் டேனா வில்பர் எழுதினார், நெப்ராஸ்காவில் அதற்குப் பேராசிரியர் ஆதரவும் இருந்தது. 1870-களின் கடைசியிலிருந்து சில வருடங்கள் மழையும் நன்றாகப் பெய்து தொலைத்தது. அதை நம்பி மேற்கு கன்சாஸில் இறங்கியவர்கள் அடுத்து வந்த வறட்சியில் கூட்டம் கூட்டமாகத் திரும்பினார்கள்.

அறிவுரை சொன்னவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். நிலத்தை விற்க வேண்டிய ரயில் கம்பெனி, ஆள் சேர்ந்தால்தான் பிழைக்கும் ஊர்ப் பத்திரிகை, நிலம் காட்டிக் கூலி வாங்கும் தரகர். எல்லோரும் பொய்யர்கள் இல்லை. சாண்டா ஃபே ரயில்வே 1874-இல் ரஷ்யாவிலிருந்து அழைத்துவந்த மென்னோனைட்டுகள் என்ற கிறித்தவப் பிரிவினர் கன்சாஸில் குளிர்காலக் கோதுமையோடு நன்றாகவே ஊன்றினார்கள். ஆனால் மோசமான அறிவுரை ஆளைக் கொல்லும். 1845-இல் லான்ஸ்ஃபோர்ட் ஹேஸ்டிங்ஸ் வெளியிட்ட வழிகாட்டியில் ஆளுக்கு 200 பவுண்டு மாவு, 150 பவுண்டு பன்றி இறைச்சி, 10 பவுண்டு காப்பி, 20 பவுண்டு சர்க்கரை, 10 பவுண்டு உப்பு என்ற பட்டியல் இருந்தது, அது உபயோகமான பட்டியல். அதிலேயே கலிஃபோர்னியாவுக்கு ஒரு குறுக்குவழியும் இருந்தது. எழுதும்போது அவரே அதில் போனதில்லை. அடுத்த வருடம் அதை நம்பிப் போன, 87 பேர் கொண்ட டானர் கூட்டம் சியரா நெவாடா மலைப் பனியில் மாட்டிக்கொண்டு, ஏறக்குறையப் பாதிப் பேர் இறந்தார்கள். கிரீலியின் பெயரிலேயே 1870-இல் கொலராடோவில் ஒரு குடியிருப்பு எழுந்தது. டிரிபியூனின் விவசாய ஆசிரியர் நேதன் மீக்கர் நடத்தியது. உறுப்பினர் கட்டணம் 155 டாலர். வாய்க்கால் வெட்டும் செலவு மதிப்பிட்டதைப்போலப் பல மடங்கு ஆனது. ஆனாலும் அந்த ஊர் நின்றது, கூட்டாகத் தண்ணீர் கொண்டுவந்ததால். தனியாகப் போனவனால் வாய்க்கால் வெட்ட முடியாது.

எத்தனை பேர் தேறினார்கள்? சுமார் 40 லட்சம் மனுக்கள், சுமார் 16 லட்சம் பட்டாக்கள், 27 கோடி ஏக்கர். இதைப் பார்த்துப் பத்தில் ஆறு பேர் தோற்றார்கள் என்பது அவசரம். 200 டாலர் கட்டி வாங்கியவர்கள் வேறு தலைப்பில் பதிவானார்கள். இன்னும் பலர் நில அலுவலகத்தில் உரிமையை விட்டுக்கொடுத்து, அதே நிமிடத்தில் வாங்குபவரை மனுப் போடவைத்து, கையில் காசோடு போனார்கள். பழைய வரலாற்றாசிரியர்கள் தோல்வியையும் மோசடியையும் பெரிதாகக் காட்டினார்கள்; மாவட்டப் பதிவேடுகளைத் துண்டு துண்டாகப் பார்த்த அண்மைய ஆய்வுகள் வெற்றி அதைவிட அதிகம் என்கின்றன. இரண்டாவது பக்கத்துக்கே என் மனம் சாய்கிறது, ஆனால் வழக்கு முடிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். 1890-க்குப் பிறகு எல்லாம் தீர்ந்துவிட்டது என்ற எண்ணம் மட்டும் தவறு. 1900-க்குப் பிறகுதான் அதற்கு முன்பைவிட அதிக நிலம் இந்தச் சட்டத்தில் போனது, உச்சம் 1913.

இலவசம் என்ற சொல்லுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. உங்கள் பையன் கிளம்பும் அதே 1875-ஐ ஒட்டித்தான் பானி என்ற பழங்குடி மக்கள் நெப்ராஸ்காவின் தங்கள் கடைசி நிலத்தைவிட்டு இன்றைய ஓக்லஹோமா பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். பழங்குடிகளின் பொது நிலத்தை ஆளாளுக்குப் பிரித்த 1887-இன் டாஸ் சட்டத்துக்கு முன் பழங்குடிகளிடம் இருந்தது 13.8 கோடி ஏக்கர், 1934-இல் 4.8 கோடி. அப்புறம், அந்தப் பையன் ஐரிஷ்காரனாகவோ ஜெர்மானியனாகவோ இருந்தால் குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்து நிலம் கேட்கலாம். நம்மூர்க்காரனாக இருந்தால் முடியாது. 1790-இன் சட்டப்படி வெள்ளையர் மட்டுமே குடிமகன் ஆகலாம், 1870-இல் ஆப்பிரிக்க வம்சத்தார் சேர்க்கப்பட்டார்கள், ஆசியர் சேர்க்கப்படவில்லை. 1923-இல் பகத் சிங் திந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தியருக்கு அந்தக் கதவை வெளிப்படையாகவே சாத்தியது. குடியுரிமை இல்லையென்றால் மனு இல்லை.

சரி, 1875-இல் அந்தப் பையன் என்ன செய்திருக்க வேண்டும்? நேரே நெப்ராஸ்காவுக்குப் போகக் கூடாது. 1873-இல் வங்கிகள் விழுந்து நகரத்தில் வேலை இல்லை என்பது உண்மை. ஆனால் 1874 கோடையில் வெட்டுக்கிளிக் கூட்டம் டகோட்டாவிலிருந்து டெக்சாஸ் வரை பயிரைத் தின்று, மண்ணில் முட்டையிட்டுவிட்டுப் போயிருந்தது; 1875 வசந்தத்தில் மிசூரி, கிழக்கு கன்சாஸ் பக்கம் குஞ்சுகள் பொரித்துக்கொண்டிருந்தன. இல்லினாயிலோ கிழக்கு அயோவாவிலோ பண்ணை ஆளாகச் சேர்ந்து, காளை ஓட்டவும் ஏரைச் சீர்பிடிக்கவும் கற்றுக்கொண்டு, மூன்று அறுவடைக் கூலியைச் சேர்த்து வைக்க வேண்டும். முடிந்தால் அண்ணனையோ தங்கையையோ கூட்டாளியாக்கிக்கொள்ளலாம். அடுத்தடுத்த இரண்டு கால் துண்டுகளை ஆளுக்கொன்றாக எழுதி, எல்லைக்கோட்டின் மேலேயே ஒரே வீட்டைக் கட்டி, இவன் கட்டில் இந்தப் பக்கமும் அவள் கட்டில் அந்தப் பக்கமுமாக இருவரும் வசித்ததாகக் காட்டியவர்கள் உண்டு. 1878 ஏப்ரலில் கிழக்கு நெப்ராஸ்காவில் இறங்கினால் வெட்டுக்கிளி தணிந்திருக்கும், மழையும் கைகொடுக்கும், மே மாதம் ஏர் இறங்கும். 1883-இல் ஐந்து வருடம் முடியும். அதற்காக ஓடிப்போய் அன்றைக்கே பட்டா வாங்க வேண்டியதில்லை. பட்டா வரும்வரை நிலவரி இல்லை, பட்டா வருவதற்கு முன் வாங்கிய கைக்கடனுக்காக நிலத்தை யாரும் ஜப்தி செய்யவும் முடியாது. வாசலில் அடமானத் தரகர் வந்து நின்று தூண்டில் போட்டாலும், சட்டம் கொடுக்கும் ஏழாவது வருடம்வரை, 1885 வரை, அவனைத் திண்ணையோடு அனுப்பிக்கொண்டிருக்கலாம்.